பேணுவாரைப் பேணுதல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

தீராத நோயில் ஒருவர் வீழும்போது அதன் சுமையை அவர் மட்டும் தாங்குவதில்லை. மருந்தூட்டி, உடல் துடைத்து, இரவெல்லாம் விழித்திருந்து காக்கும் குடும்பத்தினரும் அச்சுமையைத் தாங்குகின்றனர். நோயாளியிடம் நலம் கேட்கும் உலகம், அவர் அருகில் அமர்ந்திருப்பவரிடம் நலம் கேட்க மறந்துவிடுகிறது. பேணுவோரின் நிலையையும், அவர்தம் சுமையைச் சமூகம் பகிர்ந்துகொள்ளும் வழிகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மருத்துவத்தின் நான்காம் பகுதி

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறளில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதிகளாக வகுக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து ஆகிய மூன்றையும் எவரும் எளிதில் எண்ணிவிடுவர். நான்காவதாக அவர் குறிப்பிடுவது ‘உழைச்செல்வான்’ என்பதாகும். ‘உழை’ என்னும் சொல்லுக்கு இடம், பக்கம் என்பன பொருள். நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தைப் பிழையின்றிக் கொடுத்துப் பேணுபவரையே இச்சொல் சுட்டுகிறது. வடமொழி மருத்துவ நூலான சரக சங்கிதையும் மருத்துவர், மருந்து, நோயாளி ஆகியவற்றோடு பணிவிடை செய்பவரையும் சேர்த்து மருத்துவத்தை நாற்கூறாகவே காண்கிறது.

இந்நான்கனுள் ஒன்று தளர்ந்தாலும் மருத்துவம் தளரும். மருத்துவர் களைப்புற்றால் மாற்று மருத்துவர் வருகிறார். மருந்து பயன் தராவிடில் வேறு மருந்து எழுதப்படுகிறது. அருகிருந்து பேணுபவர் களைப்புற்றால் மாற்றாக வருபவர் யார்? பெரும்பாலான வீடுகளில் இக்கேள்விக்கு விடையில்லை.

இல்லமே மருத்துவமனையாகும்போது

புற்றுநோய், பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, மறதிநோய் போன்றவை நெடுங்காலம் நீடிப்பவை. இவற்றால் துன்புறுவோர் மருத்துவமனையில் கழிக்கும் நாள்கள் சில. வீட்டில் கழிக்கும் நாள்களோ பல. மருத்துவமனையில் மருத்துவர், செவிலியர், உதவியாளர் எனப் பலர் முறைவைத்துச் செய்யும் பணிகள், வீட்டில் ஒருவர் தோளில் இறங்குகின்றன. அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருக்கிறார். அவரையே ‘பேணுநர்’ என்கிறோம்.

நோய் முற்றிய நிலையில் படுக்கையிலிருக்கும் ஒரு முதியவரையும் அவரைப் பேணும் மருமகளையும் எண்ணிப் பார்க்கலாம். ஒரே நிலையில் படுத்திருந்தால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தோன்றும். அதைத் தடுக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முதியவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மருந்தை, வலி வந்து அவர் துடிக்கும்வரை காத்திராமல், மருத்துவர் குறித்த நேரத்திலேயே கொடுக்க வேண்டும். வாய்வழி மருந்தாயின் பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு வேளை. அம்மருந்தால் உண்டாகும் மலச்சிக்கலுக்குத் தனி மருந்து தர வேண்டும். வாயை ஈரத்துணியால் துடைத்தல், நனைந்த விரிப்பை மாற்றுதல், உடலைத் துடைத்து உலர்த்துதல் ஆகியவை நாள்தோறும் நடந்தாக வேண்டும். இவற்றுக்கிடையே அடுப்பும் எரிய வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல வேண்டும். நலம் விசாரிக்க வருவோருக்குத் தேநீரும் வேண்டும்.

இப்பணிகளுள் எதையும் அவர் முறையாகக் கற்றவர் அல்லர். படுத்திருப்பவரைத் தனியொருவராகத் தூக்கித் திருப்பும்போது முதுகு பிசகுகிறது. விரிப்பின் குறுக்கே ஒரு துணியை மடித்திட்டு, இருவர் இருபுறமும் பற்றிப் புரட்டினால் அவ்வலி நேராது என்பதை அவருக்குச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். மறுபுறம் நின்று துணியைப் பற்ற இன்னொருவரும் வேண்டும்.

மறைந்திருக்கும் நோயாளி

உடலுழைப்பைவிட மனச்சுமை பெரிது. அன்புக்குரியவர் நாளுக்கு நாள் நலிவதைக் காண்பவர், இழப்பு நிகழும் முன்னரே அதற்காக அழத் தொடங்குகிறார். நோயின் உண்மைநிலையை நோயாளியிடமிருந்து மறைக்குமாறு உறவினர் கூறும்போது, முகத்தில் சிரிப்பையும் உள்ளத்தில் துயரையும் சுமக்க நேர்கிறது. மருத்துவச் செலவு சேமிப்பைக் கரைக்கிறது; பேணுவதற்காக வேலையை விட்டால் வருவாயும் நின்றுபோகிறது.

இவை போதாவென்று குற்றவுணர்வும் சேர்கிறது. ஒருநாள் எரிச்சலில் கடிந்து பேசிவிட்டு இரவெல்லாம் வருந்துவோர் உண்டு. ‘இந்தத் துன்பம் விரைவில் முடியாதா’ என்ற எண்ணம் ஒரு கணம் எழுந்ததற்காகத் தம்மையே வெறுப்போரும் உண்டு. இவ்வெண்ணங்கள் அன்பின்மையின் அடையாளங்கள் அல்ல. நெடுநாள் ஓய்வின்றி உழைத்த உடலும் உள்ளமும் விடுக்கும் எச்சரிக்கைகள்.

உணவு பற்றிய குற்றவுணர்வு இவற்றுள் தனித்தன்மை உடையது. ஊட்டுவதே அன்பு என்று வாழும் குடும்பத்தில், நோயாளி உணவை மறுப்பது பேணுநரைப் பெரிதும் கலங்கவைக்கிறது. ‘சரியாகச் சாப்பிடக் கொடுக்கவில்லையோ’ என்று வருவோர் கேட்கும் ஒரு சொல், அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிடுகிறது. வாழ்வின் இறுதி நாள்களில் உடல் உணவை ஏற்கும் ஆற்றலைத் தானே இழக்கிறது. அந்நிலையில் வற்புறுத்தி ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் சென்று தீங்கு விளைக்கக்கூடும். உதடுகளை நனைப்பதும் கையைப் பற்றிக்கொண்டு அமர்வதும் அப்போதைய பேணுதலாகும். இவ்வுண்மையை மருத்துவரோ செவிலியரோ முன்னரே விளக்கிவிட்டால், பல ஆண்டுகள் தொடரக்கூடிய வருத்தம் ஒன்று தோன்றாமலே போகும்.

பேணுநர் தம் நலத்தைக் கடைசி இடத்தில் வைக்கிறார். தாம் உண்ண வேண்டிய இரத்த அழுத்த மாத்திரையை மறக்கிறார். தம் காய்ச்சலை மறைக்கிறார். நோயாளி உறங்கும் பொழுதிலும் உறக்கம் வராமல் தவிக்கிறார். இதனால் பேணுநரை ‘மறைந்திருக்கும் நோயாளி’ என்று மருத்துவ உலகம் அழைக்கிறது. அவர் நோயில் வீழ்ந்தால் ஒரே வீட்டில் இருவரைப் பேண வேண்டிவரும். பேணுவதற்கோ எவரும் இரார்.

குடும்பத்தையும் காணும் மருத்துவம்

தீராத நோயுடையோரின் வலியையும் துன்பத்தையும் தணித்து, இருக்கும் நாள்களை இயன்றவரை நல்ல நாள்களாக ஆக்கும் மருத்துவத்துறை ‘ஆதரவுச் சிகிச்சை’ எனப்படுகிறது. இத்துறைக்கு இக்காலத்தில் அடித்தளமிட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் (1918 – 2005). செவிலியராகப் பணியைத் தொடங்கிய அவர், முதுகு நலிவால் அப்பணியைத் தொடர இயலாமல் மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். இறக்கும் நிலையிலிருந்த நோயாளிகளின் துயரை அருகிருந்து கண்ட அவர், அவர்களுக்கு உதவும்பொருட்டு மருத்துவம் பயின்று 1957இல் மருத்துவரானார். 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வு இல்லத்தை நிறுவினார்.

நோயாளியின் வலி உடலளவில் நின்றுவிடுவதில்லை என்பது சாண்டர்ஸ் கண்ட உண்மை. உடல்வலியோடு மனத்துயர், குடும்பத்தையும் பொருளையும் பற்றிய கவலை, வாழ்வின் பொருள் குறித்த ஏக்கம் ஆகியவை ஒன்றுகலந்திருப்பதை அவர் ‘முழுமையான வலி’ என்று குறித்தார். பிள்ளையின் கல்வி என்னாகுமோ என்று வருந்தும் தாயின் வலியை மாத்திரை மட்டும் தணிக்காது. ஆகவே குடும்பத்தின் கவலையைக் குறைப்பதும் சிகிச்சையின் பகுதியாயிற்று. உலக நலவாழ்வு அமைப்பின் வரையறையும் ஆதரவுச் சிகிச்சையை நோயாளிக்கு மட்டுமின்றி அவர்தம் குடும்பத்தினருக்கும் உரியதாகவே கூறுகிறது.

தெரிந்து தெளிவோம்

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5.68 கோடிப் பேருக்கு ஆதரவுச் சிகிச்சை தேவைப்படுவதாக உலக நலவாழ்வு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே அதனைப் பெறுகின்றனர். இச்சிகிச்சை குறித்த விழிப்புணர்வை வளர்க்க, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை உலக ஆதரவுச் சிகிச்சை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அண்டை வீட்டாரின் கைகள்

இங்கிலாந்தில் நல்வாழ்வு இல்லங்கள் வளர்ந்தன. பெருந்தொகை மக்கள் சிற்றூர்களில் வாழும் நம் நாட்டில் அனைவருக்கும் அத்தகைய இல்லங்களைக் கட்டுதல் எளிதன்று. இங்கு வேறொரு வழி தேவைப்பட்டது. அவ்வழியைக் காட்டியது அண்டை மாநிலமான கேரளம்.

கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர்கள் எம்.ஆர். இராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோரும் அவர்தம் நண்பர்களும் 1993இல் வலி தணிப்புக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினர். மருத்துவமனைக்கு வர இயலாத நோயாளிகள் பலர் வீடுகளிலேயே துன்புறுவதை அவர்கள் உணர்ந்தனர். மருத்துவர்கள் மட்டுமே அத்தனை வீடுகளையும் சென்றடைய முடியாது. ஆகவே ஊர்மக்களுக்கே பயிற்சியளிக்கும் முறை பிறந்தது. மலப்புரம் முதலிய மாவட்டங்களில் ஆசிரியர், வணிகர், உழைப்பாளர், மாணவர், இல்லத்தரசியர் எனப் பலதரப்பினரும் தன்னார்வலராயினர்.

இத்தன்னார்வலர்கள் வாரத்தில் சில மணி நேரத்தை ஒதுக்கித் தம் தெருவிலும் ஊரிலும் உள்ள நோயாளிகளைக் காணச் சென்றனர். புண்ணுக்கு மருந்திடவும், படுத்திருப்பவரைத் திருப்பவும், பொறுமையாகக் கேட்கவும் பயின்றனர். செவிலியர் வரும் நாளில் உடன் சென்றனர். வருவாய் நின்றுபோன வீட்டுக்கு அரிசி, பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு ஆகியவற்றை ஊரில் திரட்டிய சிறுதொகைகளால் வழங்கினர். 2008இல் கேரள அரசு ஆதரவுச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை வகுத்தது. இந்திய மாநிலங்களுள் இத்தகைய கொள்கையை முதலில் வகுத்தது கேரளமே. அதன் வழியாக உள்ளாட்சி அமைப்புகளும் வீடுதேடிச் செல்லும் இப்பணியில் பங்கேற்றன.

இம்முறையின் வெற்றிக்கு அடிப்படை எளிய உண்மை ஒன்றே. நாள் முழுவதும் ஒருவர் சுமக்கும் பணியைப் பத்துப் பேர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சுமந்தால், பத்துப் பேருக்கும் அது பாரமாவதில்லை. அந்த ஒருவருக்கோ மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

வீடு தேடிவரும் மருத்துவம்

தமிழ்நாட்டில் தீராநோய்க்கெனத் தொடங்கப்பட்ட முன்னோடி நிறுவனம் ஒன்றன் பின்னணியிலும் ஒரு குடும்பத்தின் துயரம் உண்டு. தம் தங்கை புற்றுநோயால் இறந்ததைக் கண்ட மருத்துவர் முத்துலட்சுமி, அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென உறுதிபூண்டார். அவருடைய முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிறுவனம் பணியைத் தொடங்கியது.

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பெற்றது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளைப் பெண் தன்னார்வலர்கள் வீடுகளுக்கே கொண்டுசேர்க்கின்றனர். படுக்கையிலிருக்கும் நோயாளிகளுக்காக ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடிச் செல்கின்றனர். நோயாளியைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் அலையும் துன்பம் இதனால் குறைகிறது. வீட்டுக்கு வரும் செவிலியரிடம் பேணுநர் தம் ஐயங்களைக் கேட்கலாம்; புண்ணைத் துடைக்கும் முறையையும் நோயாளியைத் திருப்பும் முறையையும் நேரில் பயிலலாம். மனச்சோர்வு மிகும்போது 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம்.

உதவும் முறை அறிதல்

அரசும் தொண்டமைப்புகளும் செய்வன ஒருபுறமிருக்க, உறவினரும் அண்டை வீட்டாரும் செய்யக்கூடியவை பல உண்டு. ‘ஏதேனும் உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்’ என்று கூறிச் செல்வது நம் வழக்கம். களைத்துப்போன ஒருவருக்கு, எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று எண்ணிப் பார்ப்பதும் ஒரு வேலையே. கேட்கக் கூசுபவர் பலர். ஆகவே, உதவியைக் குறிப்பிட்டுச் சொல்லுதல் நன்று. ‘வியாழக்கிழமை மாலை நான்கு முதல் ஆறு மணிவரை நான் அவரருகில் இருக்கிறேன், நீங்கள் உறங்குங்கள்’, ‘நியாயவிலைக் கடைக்கு நான் சென்று வருகிறேன்’, ‘இந்த வாரம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது என் பொறுப்பு’ என்பன போன்ற சொற்கள் ஏற்பதற்கு எளியவை.

தொலைவில் வாழும் உடன்பிறந்தார்க்கும் இதில் பங்குண்டு. பணம் அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று எண்ணாமல், விடுமுறையில் வந்து சில நாள்கள் முழுப்பொறுப்பை ஏற்கலாம். மருத்துவமனையில் முன்பதிவு செய்தல், காப்பீட்டுப் படிவங்களை நிரப்புதல் போன்றவற்றைத் தொலைவிலிருந்தே செய்யலாம். அவ்வாறு வருவோர் தவிர்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. ஒருநாள் வந்துவிட்டு, ஓராண்டாகப் பேணுபவரின் முறையில் குறைகாண்பதே அது.

பாராட்டிலும் கவனம் தேவை. ‘உன்னைப் போல் பொறுமைசாலி உலகில் இல்லை’ என்ற புகழ்ச்சி ஒருவகையில் மகிழ்ச்சி தருவதே. ஆயினும், பொறுமையின் வடிவம் என்று போற்றப்பட்டவர் தம் களைப்பை வெளிப்படையாகச் சொல்ல இயலாமல் போகிறது. சொன்னால் அப்பெயர் கெட்டுவிடுமே என்று அஞ்சுகிறார். புகழ்ச்சியோடு நின்றுவிட்டுச் சுமையை அவரிடமே விட்டுச்செல்லும் சமூகம், தன் கடமையிலிருந்து மெல்ல விலகிக்கொள்கிறது. அவர் களைப்பைச் சொல்லும்போது அறிவுரை கூறாமல் கேட்பதும், அவருக்குப் பதிலாக ஒருவேளை பணியை ஏற்பதும் பாராட்டினும் மேலானவை.

பேணுநரும் தமக்குரிய ஓய்வை உரிமையாகக் கருத வேண்டும். நேரத்துக்கு உண்ணுதல், தம் மருந்தை மறவாதிருத்தல், நாளில் சிறிதுநேரமேனும் வெளிக்காற்றில் நடத்தல், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுதல் ஆகியவை தன்னலம் ஆகா. அவை நோயாளிக்குச் செய்யும் பணியின் பகுதிகளே.

இளையோரும் பேணுநரே

பேணுநர் என்றதும் நடுவயதினரே நினைவுக்கு வருகின்றனர். தாய்க்குச் சிறுநீரகத் தூய்மிப்பு நடக்கும் நாளில் தம்பிக்குச் சமைத்து ஊட்டிவிட்டுப் பள்ளிக்கு வரும் மாணவியும், பக்கவாதத்தால் படுத்த தந்தையை நீராட்டிவிட்டு வரும் மாணவனும் பேணுநரே. அவர்கள் வகுப்பில் உறங்குவது சோம்பலால் அன்று. வீட்டுப்பாடம் முடியாதது அக்கறையின்மையால் அன்று. வீட்டின் நிலையை வெளியே சொல்லக் கூசி அவர்கள் அமைதி காக்கின்றனர்.

இத்தகைய மாணவரின் படிப்பு இடைநின்றுபோகாமல் காப்பது பள்ளியின் பொறுப்பு. ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லுதல் குறையாகாது. தோழர்கள் விடுபட்ட பாடக்குறிப்புகளைப் படியெடுத்துத் தரலாம். மாலையில் வீட்டுக்குச் சென்று சேர்ந்து படிக்கலாம். இரக்கத்தோடு பார்ப்பதைக் காட்டிலும், எப்போதும்போல் பேசி விளையாடுவது அவர்களுக்குப் பெரிய ஆறுதலாகும்.

பிரிவுக்குப் பின்

நோயாளி மறைந்ததும் பேணுநரின் துன்பம் முடிந்துவிடுவதில்லை. நாளெல்லாம் மருந்து நேரங்களால் நிறைந்திருந்த வாழ்க்கை ஒரே நாளில் வெறுமையாகிறது. நள்ளிரவில் பழக்கத்தால் விழித்தெழுந்து வெற்றுக் கட்டிலைக் காண்போர் உண்டு. துயரோடு சிறு விடுதலையுணர்வு தோன்றுவதும், அதற்காக மனம் வருந்துவதும் இயல்பே. கருமாதிவரை வீட்டில் நிறைந்திருக்கும் உறவினர் அதன்பின் தத்தம் ஊர்களுக்குத் திரும்புகின்றனர். உண்மையான தனிமை அதற்குப் பின்பே தொடங்குகிறது. ஒரு மாதம் கழித்துச் செய்யும் தொலைபேசி அழைப்பும், பண்டிகை நாளில் அழைத்து உண்ணவைக்கும் ஒருவேளை உணவும் அத்தனிமையைத் தணிக்கும்.

நோய் எந்த வீட்டுக்கும் வரலாம். இன்று பேணப்படுபவர் நேற்றுப் பிறரைப் பேணியவர். இன்று பேணுபவர் நாளை பேணப்பட வேண்டியவர். திருவள்ளுவர் மருத்துவத்தின் நான்கு பகுதிகளுள் ஒன்றாக வைத்த உழைச்செல்வாரைத் தனித்து விடாமல் காப்பது ஊராரின் கடமையாகும். அவருக்கு இரண்டு மணி நேர உறக்கத்தை அளிப்பவரும் நோயாளிக்கு மருத்துவம் செய்பவரே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாற்றும் தன்னார்வலர் அல்லது செவிலியர் ஒருவருடன் நேர்காணல் நிகழ்த்தி, அதனைத் தொகுத்து எழுதுக.

2. ‘பாராட்டினும் பகிர்தல் மேல்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. நெடுநாள் நோயாளி உள்ள ஒரு வீட்டுக்கு ஒரு வாரத்தில் அண்டை வீட்டார் செய்யக்கூடிய உதவிகளை நாள், நேரம் குறிப்பிட்டு அட்டவணைப்படுத்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ‘உழை’ என்பதன் பொருள்
அ) உழைப்பு ஆ) பக்கம் இ) மருந்து ஈ) உறவு

2. ஆதரவுச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையைக் கேரள அரசு வகுத்த ஆண்டு
அ) 1967 ஆ) 1993 இ) 2008 ஈ) 2021

குறுவினா

1. திருவள்ளுவர் கூறும் மருத்துவத்தின் நான்கு பகுதிகள் யாவை?

2. ‘முழுமையான வலி’ – குறிப்பு எழுதுக.

சிறுவினா

1. பேணுநர் ‘மறைந்திருக்கும் நோயாளி’ எனப்படுவது ஏன்?

2. கேரளத்தில் தன்னார்வலர்கள் ஆற்றும் பணிகளை எழுதுக.

நெடுவினா

பேணுநரின் சுமையைக் குடும்பமும் சமூகமும் அரசும் பகிர்ந்துகொள்ளும் வழிகளைத் தொகுத்து எழுதுக.